வீட்டில் கள்ளிச் செடி வைக்கலாமா? பள்ளத்தூர் வீட்டுக்காகக் கேட்கிறேன்

பள்ளத்தூரான்:

எல்லோருக்கும் வணக்கம். செட்டிநாட்டில் எங்கள் பள்ளத்தூர் வீட்டில் இப்போது ஆத்தா மட்டும்தான். நான் சென்னையில், தங்கை கோலாலம்பூரில். பகலில் துணைக்கு ஒரு அம்மா வந்து போகிறார். ஆத்தாவுக்குச் செடி என்றால் உயிர். முட்டி வலி வந்ததிலிருந்து குடம் தூக்கி ஊற்ற முடிவதில்லை. முகப்பில் இருந்த செம்பருத்தி, பின்கட்டில் இருந்த மல்லிகை இரண்டும் போன கோடையில் காய்ந்துவிட்டன. அதிலிருந்து அவர்களுக்கு மனசே சரியில்லை.

தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடி எது என்று உறவுக்காரர்களிடம் விசாரித்தபோது, கள்ளிச் செடி பற்றி ஒரு நீளமான வாட்ஸ்அப் செய்தி வந்தது. காற்றைச் சுத்தமாக்குமாம், ராத்திரியில் ஆக்சிஜன் விடுமாம், கம்ப்யூட்டர் கதிர்வீச்சை இழுத்துக்கொள்ளுமாம், கொசு அண்டாதாம், சர்க்கரை இறங்குமாம். பெரியப்பாவோ, முள்ளுச் செடியை வீட்டுக்குள் ஏற்றாதே, குடும்பத்துக்கு ஆகாது என்கிறார். இதில் எது நிஜம்? வைக்கலாம் என்றால் எந்தக் கள்ளி? வளவிலா (வீட்டு நடுவில் வானம் பார்க்கும் முற்றம்), முகப்பிலா, மாடியிலா? வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண் தோட்டம், கானாடுகாத்தான்:

தம்பி, தாராளமா வைங்க. முட்டி வலிக்காரங்களுக்கு இதைவிடத் தோதான செடி கிடையாது. சித்திரை வெயில்லயே வாரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணி போதும். மத்த நாள் சும்மா கிட்டப் போய்ப் பார்த்துட்டு வந்தாப் போதும். நம்ம ஊர் செம்மண்ல தண்ணி தேங்காது, வெயிலுக்கும் பஞ்சமில்ல.

ஆனா அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி வாங்காதீங்க. அதுல சொன்னது நடக்கலைன்னதும் செடி மேல வெறுப்பு வந்துடும், கொண்டுபோய் மூலையில வச்சிடுவீங்க. காற்று, ஆக்சிஜன் விஷயமெல்லாம் வாத்தியார் ஐயா வந்து சொல்லட்டும். அவர் சொன்னா நிதானமா இருக்கும்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், காரைக்குடி:

கூப்பிட்டதால் வந்துவிட்டேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ராத்திரி ஆக்சிஜன். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். கள்ளி அப்படிச் செய்தால் வெயிலில் உள்ளே இருக்கும் நீரெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் அது துளைகளை ராத்திரியில் திறக்கிறது. அப்போது உள்ளே வரும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்து வைத்துக்கொண்டு, பொழுது விடிந்ததும் துளையை மூடி, வெயிலின் உதவியோடு அதைச் சர்க்கரையாக்குகிறது. சப்பாத்திக்கள்ளி மடலை விடியற்காலையில் பறித்தால் புளிப்பு அதிகம், சாயங்காலம் பறித்தால் குறைவு. காரணம் இந்த அமிலம்தான். ஆக்சிஜன் உண்டாவதற்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே அது உருவாவது பகலில்தான். ராத்திரியில் கள்ளி செய்வது கரியமில வாயுவைக் கொஞ்சம் எடுத்துக்கொள்வது. அதுவும் ஒரு தொட்டிச் செடி எடுக்கும் அளவு, அறைக்குள் தூங்கும் ஒரு ஆள் விடும் மூச்சுக்கு முன்னால் கணக்கிலேயே வராது.

காற்றுச் சுத்தம் பற்றிய பேச்சு 1989-ல் நாசாவுக்காக வோல்வர்ட்டன் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது. அவர் செடிகளைக் காற்றுப்புகாத சிறு கூண்டுகளுக்குள் வைத்து, உள்ளே ரசாயன ஆவியை விட்டு அளந்தார். கூண்டுக்குள் ஆவி குறைந்தது உண்மை. ஆனால் நாம் யாரும் மூடிய கூண்டில் குடியிருக்கவில்லை. 2019-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் இத்தகைய பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்துக் கணக்கிட்டார்கள். ஒரு கட்டடத்தில் சாதாரணமாகக் காற்று வந்து போவதற்கு ஈடாகச் செடி வேலை செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடி வரை வைக்க வேண்டும் என்று வந்தது. வளவு வழியாக வானம் பார்க்கிற செட்டிநாட்டு வீட்டுக்கு இது தேவையே இல்லை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன, திறந்து வைத்தால் காற்று தானாக ஓடும். உங்கள் முன்னோர் அதைக் கட்டடத்திலேயே செய்து வைத்துவிட்டார்கள்.

கதிர்வீச்சுக்கும் செடிக்கும் சம்பந்தமில்லை. அலைகள் எல்லாத் திசையிலும் பரவுகின்றன. ஓரத்தில் இருக்கும் தொட்டி அவற்றை வளைத்து இழுக்காது. கொசுவையும் கள்ளி விரட்டாது. அதற்கான மணமோ எண்ணெயோ அதில் கிடையாது.

புதுவயல் மருமகள்:

ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனாலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. என் மாமியார் படுத்திருக்கும் அறை ஜன்னலில் மூன்று சிறிய கள்ளித் தொட்டி வைத்திருக்கிறேன். அவர்கள் காலையில் கண் விழித்ததும் பார்ப்பது அதைத்தான். புது முள் வந்திருக்கிறதா, பக்கக்குட்டி விட்டிருக்கிறதா என்று கேட்பார்கள். முன்பு எழுந்ததும் உடம்பு வலியைத்தான் சொல்வார்கள். இதை ஆரோக்கியப் பலன் என்று சொல்லக் கூடாதா? கருவியில் அளக்க முடியாததெல்லாம் இல்லை என்றாகிவிடுமா?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், காரைக்குடி:

அம்மா, நிச்சயமாகச் சொல்லலாம். அதை நான் மறுக்கவே இல்லை. செடி பார்ப்பது, மண்ணைத் தொடுவது மனசுக்கு ஆறுதல் தருகிறது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அது பெரிய மருந்து. என்னுடைய எதிர்ப்பெல்லாம் ஒன்றுக்குத்தான். மூச்சுத்திணறல் உள்ள ஒருவர், கள்ளி வைத்திருக்கிறோம், காற்று சுத்தமாகிவிடும் என்று நம்பி மருந்தை விட்டுவிடக் கூடாது. அடுப்புப் புகையும் கொசுவர்த்திப் புகையும் நிறைந்த அறையில் ஜன்னலைத் திறப்பதற்குப் பதிலாகத் தொட்டி வாங்கி வைக்கக் கூடாது.

பள்ளத்தூரானுக்கு இன்னொரு விஷயம். கொசுவை விரட்டாது என்றேன். ஆனால் மறைமுகமாக ஒரு நன்மை இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தெளிந்த நீரில். மணி பிளாண்ட் பாட்டில், தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு எல்லாம் அதற்கு நல்ல இடம். கள்ளித் தொட்டிக்குத் தட்டு தேவையில்லை. அடியில் நீர் தேங்கினால் செடியே அழுகும்.

கண் பிரிவு நர்ஸ், மதுரை:

என் பிறந்த ஊர் கோட்டையூர். இந்த இழையில் இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடையில் கள்ளி என்று கேட்டால் தருவதில் பாதி, கள்ளிக்குடும்பமே கிடையாது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி, முள்ளோடு சின்னச் சின்னச் சிவப்புப் பூ வைக்கிற யூஃபோர்பியா எல்லாம் ஆமணக்குக் குடும்பம். ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் முதலில் லேசாக எரியும், அவ்வளவுதானே என்று விட்டுவிடுவார்கள். சில மணி நேரம் கழித்துத்தான் வலி கூடும், கண் சிவந்து நீர் கொட்டும், பார்வை மங்கும். கருவிழி வீங்கி, உள்ளே அழற்சி வரைக்கும் போகும். வேலி வெட்டுகிறவர்களும் தொட்டியை இடம் மாற்றுகிறவர்களும்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். பால் பட்ட கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்துவிடுவார்கள்.

பட்டுவிட்டால் ஓடுகிற சுத்தமான நீரில் குறைந்தது கால் மணி நேரம் கண்ணை விடாமல் கழுவ வேண்டும், இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு. கசக்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடக் கூடாது. வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். செடியின் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு போனால் அவர்களுக்கு உதவியாக இருக்கும். நேரத்தோடு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பார்வை முழுசாகத் திரும்பிவிடும்.

அசல் கள்ளியை அடையாளம் காண, முள் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அசல் கள்ளியில் பஞ்சு வைத்த மாதிரி ஒரு சிறு மெத்தை இருக்கும், முள் கொத்தாக அதிலிருந்து கிளம்பும். பால்கள்ளியில் அந்த மெத்தை இருக்காது, பெரும்பாலும் இரட்டை முள்ளாகத் தண்டிலிருந்தே நேராக வரும். அசல் கள்ளியிலும் மாமிலேரியா வகையில் சிலவற்றுக்குப் பால் உண்டு, ஆகவே பாலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆத்தா தனியாக இருக்கிற வீட்டுக்குப் பால்கள்ளி வேண்டவே வேண்டாம். குழந்தைகள் விடுமுறைக்கு வருகிற வீடாக இருந்தால் இன்னும் வேண்டாம்.

நெற்குப்பைப் பேரன்:

இந்த இழையைப் பார்த்ததும் சப்பாத்திக்கள்ளிப் பழம் ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்மாய்க் கரையில் பறிப்போம். கையால் தொடவே கூடாது. தொரட்டி மாதிரி வளைந்த குச்சியால் தட்டி விழவைத்து, செம்மண் தரையில் போட்டு வேப்பங்குழையால் நாலு பக்கமும் உருட்டி உருட்டித் தேய்ப்போம். கண்ணுக்குத் தெரியாத சுணை முள் மண்ணோடு போய்விடும். பிறகு கல்லில் மறுபடி ஒரு தேய்ப்பு. பிளந்தால் உள்ளே கண்ணைப் பறிக்கிற செந்நிறம், நிறைய விதை. பழத்தின் தலையில் குழிவாக இருக்கும் இடத்தில் முள் சேர்ந்திருக்கும். தொண்டை முள் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அதைச் சுரண்டி எறியாமல் வாயில் வைக்க அப்பத்தா விடமாட்டார்கள். சாப்பிட்ட பிறகு உதடு, நாக்கு, சட்டை எல்லாம் ஒரே சிவப்பு. வீட்டில் பொய் சொல்ல முடியாது.

இப்போது வீட்டில் அதை இடுக்கியில் பிடித்து அடுப்புத் தணலில் சுற்றி வாட்டுகிறேன். சுணை பொசுங்கிவிடுகிறது, அது சுலபம். ஜூஸ் அடித்து வடிகட்டி நன்னாரி சேர்த்துக் குடித்தால் வெயிலுக்கு அவ்வளவு இதம். இந்தப் பழம் கர்ப்பப்பைக் கட்டியைக் கரைக்கும், குழந்தைப்பேறு தரும் என்று வீடியோக்கள் வருகின்றனவே, அது எவ்வளவு தூரம் சரி?

கண் பிரிவு நர்ஸ், மதுரை:

தம்பி, கட்டியைக் கரைக்கும், பிள்ளைப்பேறு தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதை நம்பி ஸ்கேனையும் சிகிச்சையையும் தள்ளிப்போட்ட பெண்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த மாதங்கள் திரும்பி வராது.

பழமாகப் பார்த்தால் நல்ல பழம்தான். மெக்சிகோவிலும் இத்தாலியிலும் விற்கிற பெரிய வகையில் 100 கிராமுக்கு 41 கலோரிதான், நார்ச்சத்து மூன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே, மெக்னீசியம் 85 மில்லிகிராம், வைட்டமின் சி 14 மில்லிகிராம். சிவப்பு நிறம் பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலெய்ன் வகை. அதனால் சாப்பிட்ட பிறகு சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். விதையோடு அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் மலம் கட்டிக்கொள்ளும்.

சர்க்கரை விஷயத்தில் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். மெக்சிகோக்காரர்கள் இளம் மடலை முள் நீக்கிக் காய்கறியாகவே சமைக்கிறார்கள். அதை உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை சற்றுக் குறைகிறது என்று அங்கே நடந்த சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. கொழகொழப்பும் நார்ச்சத்தும் உணவு செரிப்பதைத் தாமதப்படுத்துவது ஒரு காரணம். ஆனால் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கூடவே தினம் கள்ளிச் சாறும் குடித்தால் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். மடலில் ஆக்சலேட்டும் அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆகாது. ஆத்தாவுக்குச் சர்க்கரை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், முள் ஏறியது தெரியாமல் சீழ் பிடித்த பிறகுதான் பார்ப்பார்கள். நடக்கிற வழியில் தொட்டி வைக்காதீர்கள்.

செம்மண் தோட்டம், கானாடுகாத்தான்:

சுணை முள் ஏறிட்டா என்ன பண்றதுன்னு நானே சொல்றேன், தோட்டத்துல இது வாடிக்கை. வாயால உறிஞ்சாதீங்க, தேய்க்காதீங்க. வெளிச்சத்துல பிடிச்சு, தெரியுறதை இடுக்கியால எடுங்க. மிச்சம் இருக்கிற பொடி முள்ளுக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையை மெல்லிசாத் தடவி, மேல காயத்துக்குப் போடுற மெல்லிய துணியை ஒட்டி, நல்லாக் காஞ்சதும் ஒரே இழுவையா உரிச்சிடுங்க. முள் பசையோடயே வந்துடும். சூப்பர் குளூ பக்கம் போயிடாதீங்க, அது தோலோட ஒட்டிக்கும். ஆழமாக் குத்தியிருந்தா டெட்டனஸ் ஊசி எப்பப் போட்டோம்னு யோசிச்சுப் பார்த்து, போய்ப் போட்டுக்குங்க.

நெற்குப்பைப் பேரன்:

நன்றி அக்கா. இன்னொன்று. அந்தக் காலத்தில் வேலியெல்லாம் சப்பாத்திக்கள்ளியாக இருந்தது என்று எங்கள் வீட்டு ஐயா சொல்வார்கள். இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. என்ன ஆயிற்று?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், காரைக்குடி:

நல்ல கேள்வி, இதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். கள்ளிக்குடும்பத்தின் சொந்த நாடு அமெரிக்கக் கண்டங்கள். மரத்தில் தொங்கி வளரும் ரிப்சாலிஸ் என்ற ஒரே ஒரு வகைதான் ஆப்பிரிக்காவிலும் பக்கத்து இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. சப்பாத்திக்கள்ளி வெளியிலிருந்து வந்தது. அதன் மடலில் வெள்ளைப் பஞ்சு அப்பியது போல ஒரு பூச்சி இருக்கும். விரலால் நசுக்கினால் ரத்தச் சிவப்பாகச் சாயம் வரும். அதுதான் கொச்சினீல். துணிக்குச் சிவப்பேற்ற அந்தச் சாயத்துக்கு ஐரோப்பாவில் பொன் விலை. ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து ஏகபோகமாக விற்றார்கள்.

அதை உடைக்கத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது நல்ல சாயம் தரும் இனம் இல்லை, மட்டமான வேறொரு இனம். சாயத் தொழில் எழவில்லை, ஆனால் அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. நம் சப்பாத்திக்கள்ளி அதற்கு மசியவில்லை, தெற்கெங்கும் விளைநிலத்தை அடைத்துப் பரவியது. கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் புதர் புதராக அழிந்தது. உங்கள் ஐயா சிறுவயதில் பார்த்தது அந்த மிச்சத்தையாக இருக்கலாம்.

தேவகோட்டைக் கொத்தனார்:

பழைய வீடுகளில் சுண்ணாம்பு வேலை எடுத்துச் செய்கிறவன் நான். செடி வளர்ப்பு தெரியாது, ஆனால் கள்ளியால் வீட்டுக்கு ஒரு பிரயோசனம் எனக்குத் தெரியும், யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்பை நாள் கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, கடைசி மெருகுக்கு முட்டை வெள்ளைக்கரு விட்டுத் தேய்ப்பார்கள். அதனால்தான் சுவர் இன்றைக்கும் முகம் தெரிகிற பளபளப்பில் நிற்கிறது. மெக்சிகோவில் இதே வேலைக்குச் சப்பாத்திக்கள்ளியைப் பயன்படுத்துகிறார்கள். மடலை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, வழவழவென்று வரும் சாற்றை வடிகட்டிச் சுண்ணாம்பில் கலந்து அடிக்கிறார்கள். சுண்ணாம்பு சுவரைப் பிடித்துக்கொள்ளும், மழைநீர் சீக்கிரம் இறங்காது. பின்கட்டுச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு அடித்துப் பார்த்தேன். பக்கத்தில் வெறும் சுண்ணாம்பு அடித்த இடத்தில் கை வைத்தால் வெள்ளை ஒட்டுகிறது, கள்ளிச் சாறு கலந்த இடத்தில் ஒட்டவில்லை. பழைய வீடு வைத்திருப்பவர்கள் வெள்ளையடிப்புக்கு முன்னால் சின்ன இடத்தில் செய்து பாருங்கள். சிமெண்ட் பெயிண்டை மட்டும் சுண்ணாம்புச் சுவர் மேல் ஏற்றாதீர்கள், சுவர் மூச்சுவிட முடியாமல் உப்பு பூத்து உதிரும்.

புதுவயல் மருமகள்:

கொத்தனார் அண்ணே, இது எனக்குப் புதுச் செய்தி. அந்த வழவழப்பு கலங்கிய தண்ணீரையும் தெளியவைக்கும் என்று படித்திருக்கிறேன். லத்தீன் அமெரிக்கக் கிராமங்களில் ஆற்றுத் தண்ணீரில் கள்ளி மடலை வெட்டிப் போடுவார்களாம். நம் அப்பத்தாமார் ஊருணித் தண்ணீர்ப் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைத்துவிடுவார்களே, அதே வேலைதான். இருந்தாலும் தெளிந்த தண்ணீர் வேறு, கிருமியில்லாத தண்ணீர் வேறு. காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

கள்ளி இருந்தால் பாம்பு வராது என்கிறார்களே, அதையும் யாராவது தெளிவுபடுத்துங்கள். எங்கள் தெருவில் அதை நம்பித்தான் சுவரை ஒட்டி நட்டிருக்கிறார்கள்.

செம்மண் தோட்டம், கானாடுகாத்தான்:

வராதுன்னு இல்லம்மா. அடர்ந்த சப்பாத்திக்கள்ளிப் புதர் எலிக்கு நல்ல வீடு. முள்ளுக்குள்ள பூனையோ நாயோ நுழையாது, எலி நிம்மதியாக் குட்டி போடும். எலி இருந்தா அதைத் தேடிப் பாம்பு வரும். சுவரை ஒட்டி நடவே கூடாது. வேலிக்குன்னா வீட்டை விட்டுத் தள்ளி, அடியில குப்பை சேராம, ஆண்டுக்கொரு தடவை கழிச்சு விடணும். ஆடு மாடு நுழையாம இருக்கவும், ஆள் ஏறிக் குதிக்காம இருக்கவும் நல்ல வேலிதான்.

பள்ளத்தூரானோட பெரியப்பா சொன்னதை நான் தள்ள மாட்டேன். நம்ம பெரியவங்க கள்ளியை ஒதுக்கல. கட்டுற வீட்டு மேல கண்ணேறுக்குக் கள்ளி வச்சாங்க, வாசல்ல கற்றாழை கட்டினாங்க. உள்ளே வேணாம்னாங்க, அவ்வளவுதான். கூட்டுக்குடும்பத்துல பத்துப் பிள்ளைக பட்டாலையில ஓடி விளையாடுற இடத்துல முள்ளை யார் வைப்பா? அவர் மனசும் நோகாம, முள் இல்லாத கள்ளியை உள்ளே வையுங்க, முள்ளுள்ளதை மாடியில வையுங்க.

பள்ளத்தூரான்:

முள் இல்லாத கள்ளி இருக்கிறதா அக்கா?

செம்மண் தோட்டம், கானாடுகாத்தான்:

இருக்கு தம்பி. பிரம்ம கமலம்னு நம்ம ஊர்ல பல வீட்ல வச்சிருக்காங்களே, ராத்திரியில பூக்குற வெள்ளைப் பூ, அது கள்ளிதான். இமயமலையில இருக்கிற பிரம்ம கமலம் வேற செடி. இது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. இலை மாதிரித் தட்டையா இருக்கிறது அத்தனையும் தண்டு, அந்தத் தண்டு ஓரத்துல இருந்தே மொட்டு வரும். மொட்டு முதல்ல தலை குனிஞ்சு தொங்கும். பூக்குற அன்னைக்குச் சாயங்காலம் கழுத்தை நிமிர்த்திக்கும், அதை வச்சே இன்னைக்கு ராத்திரின்னு கண்டுபிடிச்சிடலாம். எட்டு மணிக்கு மேல மெல்ல விரியும், நடுச்சாமத்துல வளவு முழுக்க வாசனை நிக்கும். விடியறதுக்குள்ள வாடிடும். பூக்குற ராத்திரி பக்கத்து வீட்டு ஆச்சிகளையெல்லாம் கூப்பிட்டு உட்கார்ந்து பார்ப்போம். தனியா இருக்கிற உங்க ஆத்தாவுக்கு நாலு பேர் வீட்டுக்கு வர இதைவிட என்ன காரணம் வேணும்?

உங்க வளவுக்கு இதுதான் பொருத்தம். மத்த கள்ளிக்கு நாலஞ்சு மணி நேரம் நேர் வெயில் வேணும். வளவுல அவ்வளவு கிடைக்காது, வெளிறி ஒல்லியா நீண்டு போயிடும். இதுக்குக் காலை வெயில் கொஞ்சமும் நிழலும் போதும். இது மரத்துல ஒட்டி வளர்ற சாதி, அதனால தண்ணி மட்டும் மத்த கள்ளியைவிடக் கூடுதலாக் கேக்கும். மேல் மண் காஞ்சதும் ஊத்தணும். வளவுல கிடாரம் வச்சு மழைத்தண்ணி பிடிப்பீங்கல்ல, அதுலேர்ந்து சொம்புல எடுத்து ஊத்தச் சொல்லுங்க, குடம் தூக்க வேணாம். போர்த் தண்ணியில உப்பு இருந்தா தொட்டி மேல வெள்ளையாப் படியும், செடி மங்கிடும்.

பின்கட்டுக்கு வெளியே டிராகன் பழம் ஒண்ணு வைங்க. அதுவும் கள்ளிதான். 2021-ல குஜராத் அரசு அதுக்குக் கமலம்னு பேர் வச்சுது. ஏறுறதுக்குக் கம்பம் வேணும். பழைய வீட்ல கிடக்கிற கல்தூண் ஒண்ணை ஆழமா ஊன்றிடுங்க. பூவும் ராத்திரிதான். சிவப்புச் சதை வகையில சிலது தானாக் காய் பிடிக்காது, வேற கொடியோட பூவிலேர்ந்து மகரந்தத்தைத் தூரிகையால எடுத்துத் தடவணும். பூ விழுந்து ஏறக்குறைய ஒரு மாசத்துல பழம்.

நெற்குப்பைப் பேரன்:

நர்சரியில் சிவப்பு, மஞ்சள் உருண்டையாகக் கள்ளி விற்கிறார்களே, மாடிக்கு அது வாங்கலாமா?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், காரைக்குடி:

பார்க்க அழகுதான், ஆனால் ஆத்தாவுக்கு வேண்டாம். அந்த உருண்டையில் பச்சையமே இல்லை, தனியாக வாழாது. கீழே இருக்கும் பச்சைத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடி. அதன் மேல் ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள். சில ஆண்டுகளில் ஒன்று மற்றொன்றைவிட வேகமாக வளர்ந்து ஒட்டு விட்டுப்போகும். ஆசையாக வளர்த்தவர்களுக்கு வீண் மனவருத்தம். கள்ளி மேல் காய்ந்த பூவைச் சூடான பசையால் ஒட்டி விற்பதும், தண்டுக்கு வண்ணம் அடித்து விற்பதும் அதைவிட மோசம், வளரும் நுனியையே அது கெடுத்துவிடும். பூவை லேசாகத் தொட்டுப் பாருங்கள், சருகு போல் மொறுமொறுப்பாக இருந்தால் ஒட்டியது.

செம்மண் தோட்டம், கானாடுகாத்தான்:

மாடிக்குச் சாதாரணப் பச்சை உருண்டைக் கள்ளி போதும். மானாமதுரை மண்தொட்டி வாங்குங்க, பிளாஸ்டிக் வேணாம். அடி ஓட்டை மேல உடைஞ்ச ஓட்டுச் சில்லு, மேல செம்மண் ஒரு பங்கு, ஆத்து மணலும் பொடிச்ச செங்கலும் சேர்த்து ரெண்டு பங்கு, ஒரு கைப்பிடி மக்கின தொழுவுரம். வாங்கினதும் நேரா உச்சி வெயில்ல வைக்காதீங்க. நர்சரியில நிழல் வலைக்குள்ள வளர்ந்தது, வெள்ளைத் தழும்பா வெந்துடும். கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்கு நகர்த்துங்க. மாவுப்பூச்சி வந்தா வேப்பெண்ணெயில ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி கலந்து சாயங்காலமாத் தடவுங்க.

நம்ம ஊர்ல கள்ளி சாகுறது கோடையில இல்ல, ஐப்பசி கார்த்திகை அடைமழையில. மழை பிடிக்கிறதுக்கு முன்னாடியே தொட்டியையெல்லாம் தாழ்வாரத்து ஓரமா இழுத்துடுங்க, தை பிறக்குற வரைக்கும் சொம்பைத் தொடவே வேணாம். அடி கறுத்து மெத்துன்னு ஆயிட்டா அழுகல். நல்ல பாகத்தைச் சுத்தமான கத்தியால வெட்டி, காயவச்சு, புது மண்ல வைக்கணும்.

பள்ளத்தூரான்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆத்தாவுக்கு முழுவதையும் போனில் படித்துக் காட்டினேன். பிரம்ம கமலம் என்றதும் குரலே மாறிவிட்டது. அவர்கள் பிறந்த வீட்டில், ராயவரத்தில், இருந்ததாம். பெரியப்பாவிடமும் பேசினேன். மாடியில் வைப்பதற்கு ஆட்சேபணை இல்லை என்கிறார். சதுரக்கள்ளி ஒன்று முகப்புத் திண்ணை ஓரம் இருந்தது, அதைத் துணைக்கு வரும் அம்மாவைத் தொட விடாமல், நானே அடுத்த வாரம் கண்ணாடியும் கையுறையும் போட்டு எடுத்துவிடுகிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். ஆத்தா தங்கை வீட்டுக்குப் போனால் இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். செடிகள் தாங்குமா? பிரம்ம கமலம் எங்கே வாங்குவது?

செம்மண் தோட்டம், கானாடுகாத்தான்:

மாடியில இருக்கிற உருண்டைக் கள்ளி தாங்கும். கிளம்புற அன்னைக்கு நல்லாத் தண்ணி விட்டு, உச்சி வெயில் படாத, வெளிச்சமான கூரை ஓரத்துல வச்சிட்டுப் போங்க. டிராகன் கொடி தரையில வேர் பிடிச்சிட்டா கவலையில்ல. பிரம்ம கமலம் மட்டும் ரெண்டு மாசம் தாங்காது, துணைக்கு வர்ற அம்மா வீட்டுத் திண்ணையில கொடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.

காசு கொடுத்து வாங்க வேணாம் தம்பி, எங்கிட்ட இருக்கு. ஒரு சாண் நீளத்துக்கு முத்தின தண்டா நாலஞ்சு வெட்டி அனுப்புறேன். வந்ததும் நட்டுடக் கூடாது. வெட்டுவாய் காய்ஞ்சு தோல் மாதிரி ஆகுற வரைக்கும் நிழல்ல நாலு நாள் போட்டு வைக்கணும். அப்புறம் எந்தப் பக்கம் வெட்டினதோ அந்தப் பக்கமே மண்ணுக்குள்ள ரெண்டு விரற்கடை இறங்கணும், தலைகீழா நட்டா வேர் விடாது. எது அடி, எது நுனின்னு தெரிய அடிப்பக்கத்துல நூல் கட்டியே அனுப்பி வைக்கிறேன். ஆத்தாகிட்ட சொல்லிடுங்க.